உங்களுக்குத் தெரியுமா? – காபோன்

நிலநடுக்கோடு குறுக்கே ஓடும் மத்திய ஆப்பிரிக்க நாடு காபோன். மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல். உள்ளே போனால் காடு, காடு, காடுதான்!

● கோமோ ஆற்றின் கழிமுகம், போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் கண்ணுக்கு முக்காடு வைத்த மேலங்கியைப் போலத் தெரிந்ததாம். அந்த அங்கிக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரே மருவி ‘காபோன்’ ஆனது.

● தலைநகர் லிப்ரவில். பிரெஞ்சு மொழியில் ‘சுதந்திர நகரம்’ என்று பொருள். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 1849-இல் இங்கே குடியேறியதால் வந்த பெயர். நாடு விடுதலை பெற்றது 1960 ஆகஸ்ட் 17.

● கொடியில் பச்சை காட்டையும், மஞ்சள் நிலநடுக்கோட்டையும், நீலம் கடலையும் குறிக்கின்றன. நிலப்பரப்பில் 85 சதவீதத்துக்கு மேல் காடுதான். 2002-இல் ஒரே மூச்சில் 13 தேசியப் பூங்காக்களை அறிவித்து, நாட்டின் பத்தில் ஒரு பங்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எண்ணெயும் மரமும் விற்று வாழும் நாடு எடுத்த முடிவு இது என்பதால், இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

● லோவாங்கோ பூங்காவில் காட்டு யானைகள் கடற்கரை மணலில் நடக்கும். நீர்யானைகள் அலைகளிலேயே இறங்கிவிடும்!

● உலகின் முதல் அணு உலையை மனிதன் கட்டவில்லை. ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தில் 235 வகை வழக்கத்தைவிடச் சற்றே குறைந்திருப்பதை 1972-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கவனித்தார்கள். எங்கே போனது? சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளேயே ‘எரிந்து’விட்டது! நிலத்தடி நீர் ஊறியபோது அணுப்பிளவு தொடங்கியது. சூட்டில் நீர் ஆவியானதும் நின்றது. மறுபடி நீர் ஊறியதும் தொடர்ந்தது.

● ஓகோவே ஆற்றங்கரையில் உள்ள லாம்பரேனேயில் 1913-இல் மருத்துவமனை தொடங்கியவர் ஆல்பர்ட் ஸ்வைட்சர். 1952-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

போகிறவர்களுக்கு:

● மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். மலேரியா உள்ள நாடு. தடுப்பு மாத்திரை பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

● ஆட்சிமொழி பிரெஞ்சு. நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போவது நல்லது. நாணயம், ஆறு நாடுகளுக்குப் பொதுவான சிஎஃப்ஏ பிராங்க். நேரம், இந்தியாவைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியது.

● லிப்ரவில்லை அடுத்த ஓவெண்டோவிலிருந்து பிரான்ஸ்வில் வரை, காட்டை ஊடுருவி ரயில் ஓடுகிறது. வழியில் லோப்பேயில் இறங்கினால், நூற்றுக்கணக்கில் கூடித் திரியும் வண்ணமுக மாண்ட்ரில் குரங்குகளின் பூங்கா.

● ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில்லாக் காலம். கடலில் திமிங்கிலங்கள் தென்படும். ஆண்டுக் கடைசியில் போனால், மயும்பா கடற்கரையில் பேராமைகள் முட்டையிடுவதைப் பார்க்கலாம். டார்ச் மட்டும் அடிக்காதீர்கள். வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.