நீருக்குள் பொறுத்திருக்கும் நெல்

என்னுடைய சென்ற மாதப் பேச்சின்போது தொலைபேசியில் வந்த ஓர் அம்மா, "வெள்ளம் தாங்கும் நெல் என்கிறீர்களே, அது மரபணு மாற்றிய நெல்தானே?" என்று கேட்டார். அன்று நேரம் போதவில்லை. இங்கே விளக்குகிறேன்.

நான் படுவான்கரையில் பிறந்தவன். சிறுவயதில் ஒரு கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் வட்டை முழுவதும் மூழ்கியது. சில நாளில் இளம்பயிரின் இலைகள் நீண்டு நீருக்கு மேலே தெரிந்தன. பயிர் தப்பிவிட்டது என்று நாங்கள் துள்ளினோம். அப்பா பேசவில்லை. தண்ணீர் வற்றியதும் பயிர் சாய்ந்து அழுகியது. கடனுக்கு விதைநெல் வாங்கித்தான் மறுபடி விதைத்தோம்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மூழ்கிய நெல் மூச்சுக்காக அவசரமாக வளர்கிறது. அதில் சேமிப்பெல்லாம் செலவாகி, நீர் வடியும்போது எழும்பச் சக்தி இருக்காது. ஆனால் ஒடிசாவின் பழைய நெல்லொன்றிலிருந்து தெரிவான எஃப்.ஆர்.13ஏ அப்படி வளராது. வளர்ச்சியை நிறுத்திச் சேமிப்பைக் காத்து, நீர் வடிந்தபின் துளிர்க்கும். விளைச்சல்தான் குறைவு.

இந்தக் குணத்துக்குரிய சப்1ஏ மரபணுவை 2006இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், அதிக விளைச்சல் தரும் சுவர்ணா நெல்லுடன் மகரந்தம் சேர்த்து, பிறந்த பயிரைத் திரும்பத் திரும்பச் சுவர்ணாவுடனேயே கலந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலையைச் சோதித்து, அந்த மரபணு உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே அம்மா, இது ஒட்டுக்கலப்பு. ஆய்வுகூடத்தில் மரபணுவைச் செருகியதல்ல.

சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. இளம்பயிர் சுமார் இரண்டு கிழமை மூழ்கியிருந்தாலும் தப்பும். கதிர் வந்தபின் வரும் வெள்ளத்துக்கும், மாதக்கணக்கில் தேங்கும் நீருக்கும் இது மருந்தல்ல.

இன்னொரு செய்தி. வெள்ளம் தாங்கும் நெல்லைத் தேடியவர்கள் கண்டவற்றில் இலங்கையின் குர்க்கருப்பன், கொடஹீனட்டி ஆகியவையும் உண்டு. விளைச்சல் குறைவென்று நாம் கைவிட்ட நெல்லுக்குள்தான் நாளைய பயிரின் உயிர் இருக்கிறது.

அடுத்தமுறை ஊருக்குக் கதைக்கும்போது, பழைய விதைநெல் யாரிடமாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், விவசாயப் போதனாசிரியர் மூலம் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்துக்கு ஒரு பிடி கொடுக்கச் சொல்லுங்கள்.