அடுப்புப் புகையும் அடங்காத சளியும்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்று உதட்டை வெடிக்கவைக்கும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் புழுதியையும் வாரிக்கொண்டு வரும். அதே நாட்களில் மூணாறில் உறைபனி விழும். இரண்டு இடத்திலும் டாக்டரிடம் சொல்வது ஒன்றுதான்: “நெஞ்சுல சளி கட்டியிருக்கு.”

சளி எதற்குச் சுரக்கிறது?

நோயில்லாத உடம்பிலும் மூக்கும் மூச்சுக்குழலும் நாள் முழுக்கச் சளியைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். வழவழப்பைத் தருவது மியூசின் என்ற புரதம். தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, நுண்மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். உறுத்தல் கூடினால் சுரப்பும் கூடும். குளிர்காற்று பட்டால் மூக்கு ஒழுகும். வறண்ட காற்றில் சளி ஈரம் குறைந்து கெட்டிப்படும்.

வீட்டுக்குள்ளேயே காரணம்

பனியைத் திட்டுகிறோம், அடுப்பை விட்டுவிடுகிறோம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு விறகு எரித்தால் புகை எங்கே போகும்? விறகுப் புகையோ பீடிப் புகையோ வருடக்கணக்கில் பட்டால், சளி சுரக்கும் செல்கள் பெருகும், சுரப்பிகள் வீங்கும், நுண்மயிர்கள் ஓய்ந்துபோகும். ஆண்டுக்கு 3 மாதம், அடுத்தடுத்து 2 ஆண்டுகள் சளியோடு இருமல் இருந்தால் அது நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. பீடியையே தொடாத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் இது வருகிறது என்பதுதான் வேதனை. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டம் போகிறவர்களுக்கு மருந்தடித்த செடிகளின் நெடியும் சேர்ந்துகொள்கிறது. ஆஸ்துமா இருந்தால் அந்த நெடி இன்னும் படுத்தும். கூரைக்கு மேலே போகும் புகைக்குழாய் ஒன்று பல பாட்டில் டானிக்கைவிட மேல்.

பாலும் பச்சைச் சளியும்

பால் குடித்தால் சளி அதிகம் சுரக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாய்த் தங்குவதைச் சளி என்று நினைத்துக் குழந்தைக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள். பச்சை நிறம் வெள்ளணுக்களிலுள்ள நொதியால் வருவது. சாதாரண ஜலதோஷத்திலும் வரும். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கக்கூடாது.

இருமல் மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். 2025-இல் நச்சு கலந்த இருமல் மருந்தால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து தரவேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஓய்வும் பெரும்பாலும் போதும்.

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால்

சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நாட்பட்ட மூச்சுக் கோளாறுக்குக் கேரள அரசின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் ‘ஷ்வாஸ்’ கிளினிக் உண்டு. இருமல் 2 வாரம் நீடித்தாலே காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கோழையைக் கொடுக்கவேண்டும். வெறும் எச்சிலில் நோய் தெரியாமல் போகலாம்.