சிகாகோ வானொலிப் பள்ளி, 1937

சிகாகோ வானொலிப் பள்ளி என்பது 1937 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோ நகரில் போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பொதுப் பள்ளிகளைத் திறக்க இயலாத நிலையில் மேற்கொள்ளப்பட்ட தொலைக்கல்வி ஏற்பாடு ஆகும். 3 ஆம் வகுப்பு முதல் 8 ஆம் வகுப்பு வரை பயின்ற மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்காக வானொலி வழியே பாடங்கள் ஒலிபரப்பப்பட்டன. நாளிதழ்களும் தொலைபேசியும் இதற்குத் துணையாக அமைந்தன. மூன்று வாரங்களுக்கும் குறைவான காலமே இது நடைபெற்றது. எனினும், வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி அவர்களின் பெற்றோருக்கும் உதவி தேவை என்பதை வெளிப்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

பின்னணி

இளம்பிள்ளை வாதம் தீநுண்மத்தால் உண்டாகும் தொற்றுநோய். இது பெரும்பாலும் சிறுவர்களையே தாக்குகிறது. தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கடும் அறிகுறிகள் தோன்றுவதில்லை. சிலருக்கு மட்டும் நரம்பு மண்டலம் தாக்கப்பட்டுக் கைகால்கள் செயலிழக்கும். மூச்சுத் தசைகள் செயலிழந்தால் இறப்பும் நேரலாம். அறிகுறி இல்லாதவர்களும் நோயைப் பரப்பக்கூடும் என்பதால் நோயாளிகளைத் தனிமைப்படுத்துவது மட்டும் போதுமானதாக இல்லை. 1937 இல் இந்நோய்க்குத் தடுப்பூசி இருக்கவில்லை. யோனாசு சால்க் உருவாக்கிய தடுப்பூசி பயனளிப்பதாக 1955 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது. ஆகவே சிறுவர்கள் ஓரிடத்தில் கூடுவதைத் தவிர்ப்பதே அன்றைய முதன்மையான தற்காப்பாக இருந்தது. கோடை விடுமுறைக்குப் பின்னர் திறக்கப்பட வேண்டிய பள்ளிகள் இதனால் மூடியே இருந்தன.

செயற்பட்ட முறை

1930களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்க வீடுகளில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றில் வானொலிப் பெட்டி இருந்தது. பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ஜான்சன் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தினார். உள்ளூர் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பு நேரத்தை இலவசமாக வழங்கின. செப்டம்பர் 13 அன்று முதல் பாடம் ஒலிபரப்பானது.

ஒவ்வொரு பாடமும் 15 நிமிடம் நீடித்தது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் சமூகவியலும் அறிவியலும், செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கப்பட்டன. எந்த வகுப்பிற்கு எப்போது பாடம் என்னும் அட்டவணையை நாளிதழ்கள் காலைதோறும் வெளியிட்டன. தலைமையாசிரியர்கள் ஒலிபரப்பைக் கேட்டு, ஆசிரியரின் உச்சரிப்பு, சொற்றேர்வு, பாடப்பொருள் ஆகியவை குறித்துக் கருத்துரைத்தனர். மாணவர்கள் வீட்டுப்பாடங்களைச் செய்து வைத்திருந்து, பள்ளி திறந்த பின்னர் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

பெற்றோருக்கான உதவி

வகுப்பறையில் ஆசிரியர் கற்பிப்பதுடன் நின்றுவிடுவதில்லை. மாணவர் கவனிக்கிறாரா, புரிந்துகொண்டாரா என்று பார்ப்பதும் ஐயம் தீர்ப்பதும் அவருடைய பணிகளே. வானொலி கற்பித்தலை மட்டுமே வீட்டிற்குக் கொண்டுவந்தது; எஞ்சிய பணிகள் பெற்றோரிடம் வந்து சேர்ந்தன. ஒரு வீட்டில் வெவ்வேறு வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் இருப்பின், ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தைப் பெற்றோரே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இதனைக் கருதிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகத்தில் தொலைபேசி உதவி மையம் அமைக்கப்பட்டது. பெற்றோரின் வினாக்களுக்கு 16 ஆசிரியர்கள் விடையளித்தனர். முதல் நாளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தமையால் மேலும் 5 ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டனர்.

குறைபாடுகள்

வானொலி ஒருவழி ஊடகம். பாடத்தின் இடையே மாணவர் வினா எழுப்ப இயலாது. தவறவிட்ட பகுதியை மீண்டும் கேட்கவும் இயலாது. சில மாணவர்களுக்குப் பாடத்தின் வேகம் மிகுதியாக இருந்தது. சில இடங்களில் ஒலி தெளிவாகக் கேட்கவில்லை.

வானொலி இல்லாத வீடுகளின் நிலை இவற்றினும் கடினமானது. உதவி மையத்தை அழைக்கவும் தொலைபேசி தேவைப்பட்டது. பெரும் பொருளியல் வீழ்ச்சியின் பிடியிலிருந்து நாடு முழுமையாக விடுபடாத அக்காலத்தில் எல்லாக் குடும்பங்களிடமும் தொலைபேசி இருக்கவில்லை. எனவே உதவி மிகவும் தேவைப்பட்ட குடும்பங்களே அதனை எளிதில் பெற இயலாதவையாகவும் இருந்தன.

பிற்கால முயற்சிகள்

நியூசிலாந்தில் 1947–48 இல் இதே நோய் பரவியபோது, கோடை விடுமுறை நீட்டிக்கப்பட்டு 1948 மார்ச் மாதமே பள்ளிகள் திறக்கப்பட்டன. அதுவரை அங்கிருந்த அஞ்சல்வழிப் பள்ளியின் பாடங்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அச்சிட்ட பாடத்தைத் தேவையான போது மீண்டும் படிக்க முடிந்தமை இம்முறையின் சிறப்பு.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றினால் உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது இணையம், தொலைக்காட்சி, வானொலி ஆகியவை பயன்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் 2019 இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் கீழ், தன்னார்வலர்கள் மாணவர்களின் குடியிருப்புப் பகுதிகளிலேயே மாலை வேளையில் கற்பித்தனர். கருவி வழியே பாடம் சென்றடைந்தாலும், பிள்ளையின் அருகிலிருந்து உதவ ஒருவர் தேவை என்பதை 1937 இன் தொலைபேசி அழைப்புகளைப் போலவே இத்திட்டமும் உணர்த்தியது.