விழப் பழகுதல்

என் பேத்திக்கு எட்டு வயது. பாரிஸ் புறநகரொன்றில், எமது வீட்டுக்கு அருகிலுள்ள கழகத்தில் இரண்டு வருடங்களாக ஜூடோ பயில்கிறாள். இதை அறிந்த பழைய நண்பரொருவர் கேட்டார்: "அடிபாட்டுக்குள்ளயிருந்து தப்பி வந்தனாங்கள். பேரப்பிள்ளையளுக்கும் அடிபாடு பழக்க வேணுமோ?"

கேள்வி நியாயமானது. ஊரில் நான் படிப்பித்த பிள்ளைகள் சிலர் பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள். எனவே தன்னம்பிக்கை வளரும், ஒழுக்கம் வளரும் என்ற வழமையான விளம்பர வாசகங்கள் இதற்குப் பதிலாகா. முகாமும் அவற்றைத்தான் சொல்லிற்று.

1882 இல் டோக்கியோவில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான நுட்பங்களைப் போட்டிப் பயிற்சியிலிருந்து விலக்கி, இருவர் முழுப் பலத்துடன் மோதினாலும் காயமின்றி எழக்கூடிய முறையொன்றை வகுத்தார். தானும் பிறரும் சேர்ந்து வளர்தல் என்பது அவர் வைத்த கோட்பாடுகளில் ஒன்று.

இக்கோட்பாடு பயிற்சியில் எப்படித் தொழிற்படுகிறது? பேத்தி முதலிற் கற்றது விழுவதற்கு. நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் விரிப்பில் ஓங்கி அடித்து, தலை தரையில் மோதாமல் விழவேண்டும். அடுத்தது, எறிபவர் விழுபவரின் சட்டைக்கையை விடாது பிடித்திருத்தல். அவரது விழுகையைத் தாங்கும் பொறுப்பு எறிந்தவருக்குரியது. மூன்றாவது, தரையில் அமுக்கப்பட்டவர் கையால் இருமுறை தட்டினால் அக்கணமே பிடியை விடுதல். தட்டுவதில் அவமானமில்லை. தட்டிய பின்பும் விடாதிருப்பதே குற்றம். பலத்தைப் பிரயோகிக்கும்போதே அதன் எல்லையையும் பிள்ளை உடம்பால் அறிந்துகொள்கிறது. நான் காணும் முதன்மையான பயன் இதுவே.

ஆனால் இப்பண்பு கலையோடு தானாகவே வந்துவிடும் என நான் வாதிடவில்லை. போர்க்கால ஜப்பானின் பாடசாலைகளில் இதே ஜூடோ சிறுவரைப் படைக்குத் தயார்படுத்தும் கல்வியின் ஒரு பகுதியாயிருந்தது. அதனாலேயே 1945 இல், நேசநாடுகளின் ஆக்கிரமிப்பின்கீழ், பாடசாலைகளில் அது தடைசெய்யப்பட்டது; 1950 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பின்னரும், 1983 முதல் மூன்று தசாப்தங்களுக்குள், அந்நாட்டின் பாடசாலை ஜூடோவில் 100 க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தனர். பெரும்பாலும் தலைக்காயங்களே காரணம். விழப் பழகாத பிள்ளையை எறிவதும், களைத்த பிள்ளையை மேலும் வருத்துவதும் ஒழுக்கம் என்ற பெயரில் நடக்கக்கூடியவை.

ஆகவே பிள்ளையைச் சேர்க்குமுன் ஒருநாள் கழகத்தில் இருந்து பாருங்கள். வெல்லும் பிள்ளையை விட்டுவிட்டுத் தட்டும் பிள்ளையைக் கவனியுங்கள். பிடி உடனே விடப்படுகிறதா? தலை அடிபட்ட பிள்ளையைப் பயிற்றுநர் நிறுத்தி வைக்கிறாரா? 'எனக்கு ஏலாது' என்று சொல்லும் பிள்ளை கேலிக்குள்ளாகிறதா? மண்டபத்தில் தொங்கும் பதக்கங்களைவிட இவையே முக்கியமானவை.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை நண்பரையும் அழைத்துச் சென்றேன். ஒரு மணிநேரம் பேசாமல் இருந்து பார்த்தார். வெளியே வரும்போது, "தட்டின உடன விடுகினம்" என்று மட்டும் சொன்னார். அவர் இன்னும் முழுமையாக உடன்படவில்லை. விவாதம் தொடரட்டும்.