படுத்துக்கொண்டு சாம்பார் பரிமாறும் கதவு!

செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வாங்க. கீழ்க்கட்டளை, இருநூறடி ரேடியல் சாலைக்குப் பக்கத்துத் தெரு, இரண்டாவது மாடி. வெளியே மெட்ரோ ரயில் வேலைத் தடுப்புகள், தூசி, ஹாரன். உள்ளே... அடேயப்பா!

ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு சாப்பாட்டு மேசை. மேலே தடித்த கண்ணாடி, அதற்கடியில் வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் தாழ்ப்பாள்! யார் வீட்டு வாசலிலோ காலமெல்லாம் நின்ற தேக்குக் கதவு, இங்கே சாவகாசமாகப் படுத்துக்கொண்டு சாம்பார் பரிமாறுகிறது. விருந்துக்கு வரும் வாண்டுகள் மேசைக்கடியில் புகுந்து அந்தத் தாழ்ப்பாளை டொக் டொக்கென்று இழுத்து விளையாடுகின்றன. பெரியவர்களுக்கும் ஆசைதான், முதுகு இடம் கொடுப்பதில்லை.

செருப்பு மாட்ட உட்காருமிடத்தில் ஒரே சட்டத்தில் கோத்த மூன்று தியேட்டர் நாற்காலிகள். இடித்த கொட்டகை ஒன்றிலிருந்து வந்தவை. எந்தக் கொட்டகை என்று விற்றவருக்கே தெரியாது. முதுகில் வெள்ளை பெயின்டில் எழுதிய இருக்கை எண் மட்டும் அழியவில்லை. கைகழுவும் தொட்டி உட்கார்ந்திருப்பது தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் காலில். மிதியை மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரி என் தோழி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. போட்டால் சொந்தக்காரர்கள் வந்து ஒவ்வொன்றுக்கும் விலை கேட்பார்களாம்.

இதெல்லாம் எங்கே கிடைத்தது? ரேடியல் சாலையில் வண்டியைத் திருப்பி, அந்தச் சாலை இரண்டாகப் பிளந்துபோட்ட பல்லாவரம் பெரிய ஏரியைத் தாண்டினால் பழைய டிரங்க் ரோடு. வெள்ளிக்கிழமையானால் அங்கே சந்தை. மாட்டுச் சந்தையாக ஆரம்பித்தது, இன்று மாட்டைத் தவிர எல்லாம் கிடைக்கும் போலிருக்கிறது. ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் ரிமோட் குவியல், அதற்குப் பக்கத்தில் தங்கமீன், கட்டில், கடிகாரம், கை உடைந்த பொம்மை, யாரோ ஒரு தாத்தாவின் ஈஸிசேர். தார்ப்பாயை விரிக்கும்போதே போய்விட வேண்டும் என்பது தோழியின் சட்டம். “அக்கா, போணி நேரம், கேட்டுட்டுப் போயிடாதீங்க” என்று கடைக்காரர் சொன்னால் விலை இறங்கப் போகிறது என்று அர்த்தம். போணி ஆகாமல் வாடிக்கையாளரை விட அவருக்கு மனம் வராது.

பழசு கையில் சிக்கும் ராசி பல்லாவரத்து மண்ணுக்கே உண்டு. 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கே ஒரு சரளைக்கல் குழியில் குனிந்து கையிலெடுத்த கல், ஆதி மனிதன் செதுக்கிய கற்கோடரி! இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சியே அதிலிருந்துதான் கிளம்பியது. அவரிடம் பேரம் பேச யாரும் இல்லை, கொடுத்துவைத்தவர்.

சரி, இனி திரைக்குப் பின்னால். தோழியின் கைப்பையில் மூன்று சாமான்: அளவு நாடா, டார்ச், காந்தம். மாடிப்படித் திருப்பத்தின் அகலம் நாடாவில் பேனாவால் குறித்திருக்கிறது. அதைத் தாண்டிய பீரோ எவ்வளவு அழகாக இருந்தாலும் இவளுக்கு அது பீரோ இல்லை. காந்தம் ஒட்டினால் பித்தளை இல்லை, முலாம் பூசிய இரும்பு. டார்ச், இழுப்பறையை உருவி அடிப்பக்கம் பார்க்க. மேலே எதை வேண்டுமானாலும் பூசி மறைக்கலாம், அடிப்பக்கத்தை யாரும் மறைப்பதில்லை. மரத்தில் சிறு துளைகள் இருந்தால் பயமில்லை. தட்டும்போது மாவு மாதிரி புதுத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது, நடையைக் கட்டு.

வாங்கியது குட்டியானை வண்டியில் ஏறி நேரே வீட்டுக்கு வராது. ஆசாரியின் பட்டறையில் ஒரு வாசம் உண்டு. என்னைக் கேட்டால் மொத்தக் கதையின் நாயகர் அவர்தான். தோழி ஏதாவது அசட்டு யோசனை சொன்னால் அவர் எதிர்த்துப் பேசுவதில்லை, காதில் சொருகிய பென்சிலை எடுத்துத் திரும்பவும் சொருகிக்கொள்கிறார். யோசனை அத்தோடு செத்தது. கதவின் பழைய பச்சை பெயின்டை உரிக்கும்போது மட்டும் வாயைத் திறந்தார்: “தண்ணி தொட்டுத் தேய்க்கணும்மா, காய்ஞ்ச உப்புத்தாள் போட்டா தூசி பூரா மூக்குக்குள்ள.” சரியாகத்தான் சொன்னார். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். முகமூடி கட்டி, குழந்தைகளைத் துரத்திவிட்டு, ஈரத்தோடு தேய்த்தார்கள். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி, அதற்கும் அடியில் தேன் நிறத் தேக்கு!

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது முட்டுக்காட்டில். 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்று நிற்கிறதே, அதைச் சொந்த ஊரில் பிரித்து, கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஒரு வீட்டையே கழற்றி மாட்டலாம் என்றால் ஒரு கதவு எம்மாத்திரம் என்று கிளம்பிவிட்டாள். நல்லவேளை, ஃப்ளாட்டை அருங்காட்சியகம் ஆக்கவில்லை. சோபா புதுசு, சாதா சாம்பல் நிறம். மெத்தையும் புதுசு, மூட்டைப்பூச்சிக்கு அவள் பழமை மரியாதை தருவதில்லை. ஓர் அறைக்கு ஒரு பழைய ராஜா போதும், மிச்சமெல்லாம் அடக்கமாக இருக்கட்டும் என்பது கணக்கு. மூலைக்கு மூலை உருளியில் பூ மிதக்கவிடும் வீடுகளைப் பார்த்துச் சலித்த எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பால்கனி இன்னும் காலி. அங்கே ஊஞ்சல்தான் என்று முடிவாகி, சங்கிலிகூட வந்துவிட்டது. பலகையை வரும் வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிறோம். நானும் உண்டு, அளவு நாடா வாங்கியாயிற்று!