கோழிக்கூடும் அளவறிதலும்

முன்னுரை

வானம் பார்த்த பூமியாகிய புதுக்கோட்டை மாவட்டத்தில், மழை பொய்க்கும் ஆண்டுகளில் குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை ஆடும் கோழியுமே ஆகும். அவற்றுள் கோழி, இல்லத்தரசியின் தனிச் செல்வம். பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் பல வீடுகளில் முட்டை விற்ற காசிலிருந்தே பிறக்கின்றன. உணங்கப் போட்ட உணவைக் கவர வந்த கோழியை மகளிர் பொற்குழை எறிந்து விரட்டிய காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தமிழர் முற்றத்தில் கோழிக்குரிய உறவு அத்துணைப் பழமையானது. அக்கோழிக்குக் கூடு கட்டுவோர் முதலில் தீர்க்க வேண்டிய வினா, ‘எவ்வளவு பெரிது?’ என்பதாகும்.

எண்ணிக்கையே அடிப்படை

கூடு கட்டுவோர் பலர் இன்று கையிலுள்ள கோழிகளை மட்டும் எண்ணுகின்றனர். நான்கு திங்கள் கழித்து இருக்கப்போகும் கோழிகளை எண்ணுவதில்லை. நாட்டுப் பெட்டைக்கோழி ஒரு முறைக்குப் பத்து முதல் பதினைந்து முட்டைகள் இட்டு அடைகாக்கும். ஆதலின் 10 பெட்டையும் 1 சேவலும் வளர்ப்போரிடம், வளரும் விடைக்கோழிகள் 25 ஒரே காலத்தில் சேர்ந்துவிடுதல் இயல்பு. ஆகக் கூட்டில் தங்குவன 36.

பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழிக்குத் தலைக்கு ஒரு சதுர அடி போதுமானது. எனவே 36 சதுர அடி, அதாவது 9 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட கூடு பொருந்தும். அகலம் 4 அடியைத் தாண்டாதிருப்பின், இருபுறமும் நின்று கைநீட்டித் துப்புரவு செய்யலாம். கோழி ஒன்று அமர அரை அடிக் கம்பு வேண்டும். நீளவாக்கில் இரண்டு கம்புகள் அமைத்தால் 36 கோழிகளும் அமரும். ஐந்து பெட்டைக்கு ஒன்றாக, ஓரடிக் கனமுள்ள முட்டைப் பெட்டிகள் இரண்டு போதும். ஒரு மாதம் நிரம்பாத குஞ்சுகளைத் தாயுடன் பஞ்சாரத்தில் தனியே வைத்தல் நன்று.

மேய்ச்சல் இல்லாத இடம்

வீடுகள் நெருங்கி நிற்கும் கடற்கரைப் பட்டினங்களில் கோழியைத் திறந்துவிட இயலாது. நாள் முழுதும் அடைத்து வளர்ப்பின் தலைக்கு இரண்டு சதுர அடியேனும் வேண்டும். அதே கூட்டில் அப்போது 18 கோழிகளே வாழவியலும். இடம் குறைந்தால் எச்சத்தின் நெடி மிகும். கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தால் ஓரிரு நாட்களில் கூடு வெறுமையாகும். தடுப்பூசியை உரிய காலத்தில் கால்நடை மருந்தகத்தில் போடுவதோடு, நெருக்கத்தைத் தவிர்த்தலும் காப்பே.

பெரிதாகக் கட்டினால் என்ன?

பெரிய கூடு, அதை நிரப்பும் ஆசையையும் உடன் கொணரும். கொல்லையின் புழுபூச்சியும் சமையற்கட்டின் மிச்சமும் பத்துக் கோழிகளுக்குப் பெரிதும் உதவும்; 36 கோழிகளுக்கு எட்டா. வளர்ந்த கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிராம் தீனி என வைத்தாலும், முழுதும் விலைகொடுத்து வாங்கின் மூன்று கிலோவை நெருங்கும். கூட்டுக்குப் பட்ட கடனும் தீனிச் செலவும் சேர்ந்தால் இலாபம் எங்கே? 2012ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழி முதலீடுகள் சரிந்தபோது, அளவை மறந்த ஆசையின் விலையைத் தமிழகம் கண்டது.

2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் நம் மாவட்டத்துக் கூரைகளையும் தென்னைகளையும் சாய்த்ததை எவரும் மறவார். ஆதலின் பரப்பில் மிச்சப்படும் பணத்தை உறுதியான கால்களுக்கும் கூரைக்கும் செலவிடுதல் அறிவுடைமை. தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, கிழக்கு மேற்காக நீளம் அமையக் கட்டி, கீரியும் பாம்பும் நுழையாத நெருக்கமான கம்பிவலை பொருத்த வேண்டும். ஐயமுள்ளோர் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகலாம்.

முடிவுரை

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என அருள்மறை உரைக்கின்றது. பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே தேடி உண்ணவும் விடாத பெண் தண்டனைக்குள்ளானதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஓர் உயிரை அடைத்துவைப்பவர் அதன் உணவுக்கும் இடத்துக்கும் பொறுப்பேற்கிறார் என்பதே இதன் கருத்து. அண்டை வீட்டார் மூக்கைப் பொத்தாத தொலைவில் கூட்டை அமைத்தலும் அவர்தம் உரிமையைப் பேணுதலேயாகும்.

எனவே, மாணவச் செல்வங்களே! கொல்லையை அளந்து, தீனியைக் கணக்கிட்டு, கோழியின் எண்ணிக்கையை உறுதிசெய்த பின்னரே தச்சரை அழையுங்கள். கூட்டின் அளவைக் கோழி சொல்லட்டும்; கோழியின் அளவைக் கொல்லை சொல்லட்டும்.