ஏசியின் அளவு 24 டிகிரியா, 28 டிகிரியா? அகமதாபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொல்வது என்ன?

அகமதாபாத்: நாட்டில் இனி விற்பனையாகும் குளிர்சாதனங்களில் வெப்பநிலையை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறைக்கவோ 28 டிகிரிக்கு மேலே உயர்த்தவோ இயலாதவாறு ஒரே சீரான வரம்பு கொண்டுவரப்படும் என்று மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டார் 2025 ஜூன் மாதம் தெரிவித்தார். "எங்களுக்கு எது வசதி என்பதை அரசு எப்படி முடிவு செய்யும்?" என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது.

இந்தியர்களுக்கு எந்த வெப்பநிலை உண்மையில் வசதியாக இருக்கிறது என்பதை, அவர்களிடமே கேட்டு அளந்த ஆய்வு ஒன்று ஏற்கெனவே உள்ளது. அதை நடத்தியது அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகம். கட்டடக் கலைக்கும் நகரத் திட்டமிடலுக்கும் பெயர்பெற்ற அந்த நிறுவனத்தின் ஆய்வு, இன்று தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது.

பழைய அளவுகோல் எங்கிருந்து வந்தது?

அறைக்குள் மனிதர் உணரும் வெப்ப வசதியைக் கணிக்க உலகெங்கும் பயன்பட்டு வந்த முறையை வகுத்தவர் டென்மார்க் அறிவியலாளர் ஃபாங்கர். வெப்பநிலையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய சோதனை அறைகளில் டென்மார்க், அமெரிக்க நாடுகளின் கல்லூரி மாணவர்களை அமரவைத்துப் பெற்ற தரவுகளே அதற்கு அடிப்படை. காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம், உடை, உடலுழைப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும் அந்தச் சூத்திரம், வெளியே நிலவும் பருவநிலையையோ அதற்கு மனிதர் பழகியிருப்பதையோ கணக்கில் கொள்வதில்லை.

இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கோடையில் 23 முதல் 26 டிகிரி வரையிலும் குளிர்காலத்தில் 21 முதல் 23 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. சிம்லாவுக்கும் சென்னைக்கும் ஒரே அளவு. இந்த அளவை எட்ட வேண்டுமானால், நாட்டின் பெரும்பாலான நகரங்களில் குளிர்சாதனத்தைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்து நகரங்கள், 6,330 பதில்கள்

இந்த நிலையை மாற்றும் நோக்கில் செப்ட் பல்கலைக்கழகத்தின் கட்டட அறிவியல், ஆற்றல் உயர் ஆய்வு மையம் களமிறங்கியது. பேராசிரியர் ராஜன் ராவல் தலைமையிலான குழுவுடன், சிட்னி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டி டியர் உள்ளிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்தனர்.

நாட்டின் ஐந்து தட்பவெப்ப மண்டலங்களுக்கு ஒன்றாக அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்குள்ள 16 அலுவலகக் கட்டடங்களில், வெவ்வேறு பருவங்களில் ஆய்வாளர்கள் நேரில் சென்றனர். ஊழியர் ஒருவர் தம் மேசையில் அமர்ந்து பணியாற்றும்போதே, "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதிவு செய்தனர், அதே நேரத்தில் அவரைச் சுற்றியுள்ள வெப்பநிலையும் ஈரப்பதமும் காற்றின் வேகமும் கருவிகளால் அளக்கப்பட்டன. இவ்வாறு திரட்டப்பட்டவை 6,330 பதில்கள்.

பழைய சூத்திரம் மிகுந்த வெப்பம் என்று கணித்த இடங்களில், மக்கள் அந்த அளவுக்கு வெப்பத்தை உணரவில்லை என்பது இதில் தெரியவந்தது. வெளியே வெப்பம் கூடும் மாதங்களில், மக்கள் வசதியாக உணரும் உள்வெப்பநிலையும் சேர்ந்தே உயர்கிறது. இதன் அடிப்படையில் உருவானதே 'ஐமேக்' எனப்படும் இந்தியத் தகவமைப்பு வெப்ப வசதி மாதிரி.

கணக்கு எப்படி?

கடந்த 30 நாள்களில் வெளியே நிலவிய சராசரி வெப்பநிலையை இந்த மாதிரி முதலில் எடுத்துக்கொள்கிறது. சன்னல் காற்றையே நம்பியிருக்கும் கட்டடங்களில், அந்தச் சராசரி ஒரு டிகிரி உயர்ந்தால் மக்களுக்கு ஏற்ற உள்வெப்பநிலை அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக உயரும். தேவைப்படும்போது மட்டும் குளிர்சாதனம் இயங்கும் கட்டடங்களில் இந்த உயர்வு கால் டிகிரியைச் சற்றுத் தாண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நகரத்தில் 30 நாள் சராசரி 30 டிகிரி என்று கொள்வோம். சன்னல் திறந்திருக்கும் அலுவலகத்தில் ஏற்ற வெப்பநிலை சுமார் 29 டிகிரி. அதற்கு இருபுறமும் இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமான ஏற்ற இறக்கத்தையும் பத்தில் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்வர் என்கிறது மாதிரி. குளிர்சாதனத்தை அவ்வப்போது மட்டும் இயக்கும் அலுவலகத்தில் அந்த அளவு சுமார் 26 டிகிரி.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்த மாதிரியை ஏற்றுக்கொண்டது. பின்னர் குடியிருப்புகளுக்கான தனி மாதிரியையும் செப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

மின்சாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குளிர்சாதனத்தின் அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது ஆற்றல் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற வீட்டு உபயோக ஏசிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பதும் விதியாக உள்ளது.

2024 மே 30 அன்று நாட்டின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. வெப்ப அலை வீசும் நாளில்தான் மின்வலையமைப்பின் மீதான சுமையும் உச்சத்தை எட்டுகிறது. அப்போது மின்தடை ஏற்பட்டால், விசிறியைத் தவிர வேறு துணையில்லாத வீடுகளே முதலில் பாதிக்கப்படும். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2037-38-ஆம் ஆண்டுக்குள் குளிர்விப்புத் தேவையை 20 முதல் 25 சதவீதம் வரை குறைக்க இலக்கு வைத்துள்ளது.

நிறுவனரின் கட்டடம்

செப்ட் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1962. பாரிஸில் லெ கார்பூசியேவிடம் பணியாற்றித் திரும்பிய பாலகிருஷ்ண தோஷி, கட்டடக்கலைப் பள்ளியாக அதைத் தொடங்கினார். 1972-இல் திட்டமிடல் பள்ளி சேர்ந்தது; 2005-இல் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. தோஷியே வடிவமைத்த செங்கல் வளாகத்தில் காற்று தடையின்றிக் கடந்து செல்லும் திறந்த கீழ்த்தளமும், வடதிசை வெளிச்சம் விழும் பயிலரங்குகளும் உள்ளன. 2018-இல் பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் இந்தியரான தோஷி, 2023 ஜனவரியில் காலமானார்.

புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த பிமல் படேல், 2012-இல் இப்பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். ஐமேக் மாதிரி வெளிவந்தது அவருடைய பொறுப்புக் காலத்தில்தான். தன் ஆண்டு மின்தேவைக்கு ஈடான மின்சாரத்தைக் கூரையிலேயே உற்பத்தி செய்யும் நோக்குடன் அமைக்கப்பட்ட ஆய்வுக் கட்டடமும் 2015-இல் வளாகத்தில் திறக்கப்பட்டது.

எல்லை எது?

வெப்பத்தைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று இந்த ஆய்வு கூறவில்லை. மக்கள் வசதியாக உணர்வதாகச் சொன்ன அளவையே அது பதிவு செய்கிறது. மெல்லிய பருத்தி உடையும், திறக்கக்கூடிய சன்னலும், சுழலும் மின்விசிறியும் இருந்தால்தான் அந்த வசதி கிட்டும். சன்னலே திறக்க முடியாத கண்ணாடிக் கட்டடத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தகவமைத்துக்கொள்ள வாய்ப்பில்லை.

மேலும், ஆய்வில் பங்கேற்றவர்கள் நிழலில் அமர்ந்து பணியாற்றும் அலுவலக ஊழியர்கள். வெயிலில் உழைக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கும், தகரக் கூரையின் கீழ் வாழும் முதியவருக்கும் இந்த அளவுகள் பொருந்தா. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியபோது, வழக்கத்தை விட 1,300-க்கும் அதிகமானோர் கூடுதலாக உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் பின்னரே, 2013-இல், தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை அந்த மாநகராட்சி வகுத்தது. கூரைகளுக்கு வெண்பூச்சுப் பூசும் பணியும் அதன் தொடர்ச்சியாக நடைபெற்றது.

எனவே, ஏசியில் எந்த எண்ணை அழுத்துவது என்பது இந்த விவாதத்தின் ஒரு பகுதி மட்டுமே. சுவரின் தடிமன், கூரையின் நிறம், சன்னலின் திசை ஆகியவை கட்டடம் எழும் முன்பே முடிவாகிவிடுகின்றன. அவை சரியாக அமைந்த வீட்டில் 26 டிகிரியும் குளுமையாகவே இருக்கும். அமையாத வீட்டில் 20 டிகிரிக்கு இறக்கினாலும் சுவரும் கூரையும் உமிழும் வெப்பம் குறையாது, மின்கட்டணம்தான் கூடும்.